தானாகத் தெளிந்த பீர்

நவம்பர் 26, வியாழன். முதலில் என் தவறு: மால்ட் சாறு கொதிக்கும்போது, பீரைத் தெளியவைக்கும் கடல்பாசியைப் போட மறந்துவிட்டேன். பீர் காய்ச்சும் மாலை வகுப்பில் இரண்டு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பீர் கலங்கியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஈஸ்டாகவும் இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை.

இங்கே யார்க்‌ஷயரில் எங்கள் ஊர்ச் சங்கம் வீட்டு பீருக்குப் போட்டி வைக்கும். நடுவர் குவளைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து வாசிப்பார். எழுத்து தெரியாவிட்டால் வாயில் வைக்கமாட்டார். என் பீர் ஒவ்வொரு ஆண்டும் அப்படியே திரும்பி வந்தது. அக்காவின் கணவர் கிளைவ் அதற்குக் கால்வாய் என்று பெயர் வைத்திருந்தார். "மச்சான், இதுல வாத்து நீந்துதா பாரு" என்பார், கூடமே சிரிக்கும்.

நல்ல மனிதர். மீன் மட்டும் அவருக்கு ஆகாது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மீன் வறுவல் கடையில் வரிசையில் நிற்கும்போது அவர் தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பார். ஆவி பட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இந்த முறை பீர் தெளிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைப் போட்டேன். அதில் தப்பில்லை, பீர் ஆலைகளிலும் போடுவதுண்டு. ஆனால் எங்கள் வகுப்பில் பசை போடுபவனைப் பொறுமையில்லாதவன் என்பார்கள். கசடெல்லாம் அடியில் படிந்து பீர் பொன்னாக நின்றது.

இம்மாத முதல் ஞாயிறன்று தோட்டத்துக் கொட்டகையில் கிளைவுக்கு ஒரு குவளை ஊற்றினேன். அக்கா சாண்ட்விச் கட்டிக் கொடுத்திருந்தாள். அவர் குவளையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"கடையில வாங்கி ஊத்திட்டியா மச்சான்?" என்றவர், எங்கு குடித்தாலும் கேட்பதைக் கேட்டார். "மீன் பசை கிசை போடலியே?"

"இல்ல அத்தான். தானாத் தெளிஞ்சுது."

என் தோளைத் தட்டினார். அது முதல் முறை. அதற்குப் பிறகு சொன்னதை மாற்றிச் சொல்வது முறையாகப் படவில்லை.

பாதிக் குவளையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வாமைக்கு அவர் வைத்திருக்கும் ஊசி காரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து நானே குத்தினேன். இதையும் எழுதிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை.

"உங்கக்கா சாண்ட்விச்சுல என்னமோ கெடந்திருக்கு," என்றார். "தொண்ட காயுது. அதக் குடு."

மிச்சமிருந்த பீரைக் கொடுத்தேன். குடித்து முடித்தார். இரண்டாவது ஊசி இல்லை.

பிரேதப் பரிசோதனையில் ஒவ்வாமை என்றார்கள். எதனால் என்று என்னைக் கேட்டபோது சாண்ட்விச் சாப்பிட்டார் என்றேன், சாப்பிட்டது உண்மைதான். புதிதாக வாங்கிய வெண்ணெயா, மீன் ஏதும் பட்ட கத்தியா என்று அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். உன் தப்பில்லை என்று தினமும் போய்ச் சொல்கிறேன். என்னால் முடிந்தது அதுதான்.

நாளை மதியம் அடக்கம். கிளைவ் கடைசியாகப் பாராட்டிய பீரையே வருகிறவர்களுக்கு ஊற்ற வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறாள். காலையிலேயே பீப்பாயைச் சங்கத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அடி கலங்காமல்.