வாயில் பறி

எனக்கு பீர் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. கசப்பு. நுரை ததும்பும் தம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிற சென்னைப் பிள்ளைகளைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

பார் முதலாளி சாம் தங்கமான மனிதர். கடையிலேயே காய்ச்சுகிற பீர் அவரிடம் உண்டு. ஆனால் வருகிறவர்கள் கேட்பது, பெல்ஜியம் பேரலிலிருந்து குழாயில் பிடித்துத் தருகிற பீர். அதை இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது. மிச்சத்தை ஆந்திரா பக்கமிருந்து கொண்டுவர வேண்டும். ரோட்டில் போனால் எளாவூர் செக்போஸ்ட். ஆந்திரா வரை நீண்டு கிடக்கிற எங்கள் ஏரியில் ஏது செக்போஸ்ட்? பேரல்களை என் படகில் ஏற்றி வந்து, வேன் வரும்வரை ஓடைப் பள்ளத்தில் கல் கட்டி அமிழ்த்தி வைப்பேன். சூடேறாது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

செல்வம்மாளுக்கு நஷ்டமாம். சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். அந்தப் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டே, பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள். பேச வாய் இருக்காது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் கரையில் என்னிடம் வந்து நின்றாள்.

"வரதண்ணா, உன் கவுறு எங்க கால்ல மாட்டுது. பேரலை எடுத்துடு. இல்லன்னா ஊர்க்கூட்டத்துல சொல்லிடுவேன்."

சொன்னால் என் பாடு போய்விடும். பாடு என்பது ஏரியில் வலைபோட எங்களுக்கு முறைவைத்து வருகிற நாள். பாடு இல்லாத வீட்டுக்கு எங்கள் குப்பத்தில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். என் மகன் அஜித்குமாருக்கு அப்போதுதான் பெண் அமைந்திருந்தது. ஒரு தகப்பன் என்ன செய்வான், சொல்லுங்கள்.

நான் கோபப்படவில்லை. "எங்க மாட்டுதுன்னு காட்டு, எடுத்துடலாம்" என்று அவளைப் படகில் ஏற்றிக்கொண்டேன். நல்ல பகல். முகத்துவாரம் திறந்து, கடல்தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் இறங்கிக் காலால் துழாவினாள். கயிறு அவள் கணுக்காலில் சுற்றிக்கொண்டது. "அசையாம நில்லு, அவுக்கறேன்" என்றேன். நின்றாள். அந்தக் கயிற்றின் மறுமுனையில், படகிலிருந்த இன்னொரு பேரலைக் கட்டிப் பள்ளத்துக்குள் விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் தண்ணீர் செய்தது. அவளை நான் தொடவே இல்லை.

தண்ணீர் அவள் தாடைக்கு வந்தபோது சாம் போன் செய்தார். சனிக்கிழமைக்குச் சரக்கு வந்துவிடுமா என்று கேட்டார். சொன்னபடி வந்துவிடும் சார் என்றேன்.

அவள் கூப்பிட்டிருந்தால் அவிழ்த்து விட்டிருப்பேன். சத்தியமாக. அவள் கூப்பிடவில்லை. வாயில் பறி இருந்தது.

அந்தப் பறி என் படகில் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இறங்கும் முன்பே அவள்தான் என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வச்சிருண்ணா, காலைல புடிச்ச எறா இருக்குது" என்றாள். அப்படியானால், கூப்பிட்டாள்தான். தண்ணீர் வாயை மூடும்வரை அண்ணா, அண்ணா என்றுதான் கூப்பிட்டாள்.

பறியைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். இறாலை மட்டும் என் மனைவி மாலாவிடம் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொன்னேன். வெயிலில் வீணாகிவிடுமே, ஐயா.