கண்ணாடி முன்னால் ஒரு யானை

தையல்காரி: அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. இன்னிக்கு என் கண்ணாடி திரும்பி வந்தாகணும்.

யானைக்காரன்: துணி தைக்க ஊசி நூல் போதாதாக்கா? ஆளுயரக் கண்ணாடி எதுக்கு... அழகு பாக்கவா?

தையல்காரி: வாய்தான் உனக்கு. சர்க்கஸ் பொண்ணுங்க உடுப்பைப் போட்டுப் பாக்க வேணாமா? ஒரு நாள்னு சொல்லித்தானே தூக்கிட்டுப் போன?

யானைக்காரன்: சொன்னேன்... சின்னவ பட்டினி கெடந்தாளேக்கா. பெரிய யானை செத்ததுலேர்ந்து தழையைத் தொடவே இல்ல.

தையல்காரி: பாவம். ரெண்டும் ஒண்ணா ஸ்டூல் ஏறி சலாம் போட்ட ஜோடி.

யானைக்காரன்: தின்னலன்னா வித்துடுவேன்னு மேனேஜர் வேற நிக்கிறாரு. கண்ணாடியை வெச்சா பெரியவ பக்கத்துல நிக்கிறதா நெனச்சுப்பா, ரெண்டு வாய் திம்பான்னு...

தையல்காரி: யானையவே ஏமாத்தப் பாத்தியா நீ?

யானைக்காரன்: மொத நாள் கண்ணாடிக்குப் பின்னாடி தும்பிக்கையை விட்டுத் தேடினாக்கா. பாக்கவே முடியல. அப்புறம் முன்னாடி வந்து நின்னு தின்னா.

தையல்காரி: அப்புறமென்ன? மூஞ்சி ஏன் தொங்குது?

யானைக்காரன்: நேத்து ஆட்டத்துக்கு நெத்தியில கோலம் போட்டேன்ல... வெள்ளைச் சாயம் அவ கண்ணு மேல ஒழுகிடுச்சு. ஆட்டம் முடிஞ்சு கண்ணாடி முன்னாடி வந்து நின்னா.

தையல்காரி: வந்து?

யானைக்காரன்: கண்ணாடியைத் தொடல. தும்பிக்கையை மடக்கித் தன் கண்ணு மேல தொடச்சா.

தையல்காரி: ஈரம் உறுத்தியிருக்கும்டா.

யானைக்காரன்: எப்பவோ காஞ்சு போச்சுக்கா. தொடச்சிட்டு மறுபடி பாத்தா. வாயைத் தொறந்து உள்ள பாத்தா...

தையல்காரி: அப்போ... அது தான்தான்னு...

யானைக்காரன்: தெரிஞ்சுக்கிட்டா. கூட யாரும் இல்லன்னும் தெரிஞ்சிருக்கும். எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவ்வளவு புரிஞ்சவளையா ஜனங்க கைதட்ட ஸ்டூல்ல ஏத்துறோம்னு... இனி அந்தப் பொய் எதுக்கு? நீங்க எடுத்துக்குங்க.

தையல்காரி: இரு. இன்னிக்குத் தின்னாளா?

யானைக்காரன்: தின்னா.

தையல்காரி: எங்க நின்னு?

யானைக்காரன்: அது முன்னாடிதான். ஓரமா நகத்தி வெச்சேன்... தழையைத் தூக்கிட்டு அங்கயே போறா. தெரிஞ்சும் ஏன் போறா? அதான் எனக்கு விளங்கல.

தையல்காரி: ...அங்கயே இருக்கட்டும் விடு.

யானைக்காரன்: இவ்வளவு நேரம் சண்டை போட்டீங்க? பொண்ணுங்க உடுப்புக்கு...

தையல்காரி: அதுங்க ஒருத்திய ஒருத்தி பாத்துச் சொல்லிக்கும். கண்ணாடி வேணாம்.

யானைக்காரன்: அப்போ யாருக்காகத்தான் கேட்டீங்க?

தையல்காரி: எனக்குத்தான். எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து நானும் அது முன்னாடி தட்டை வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுறேன். உள்ள உக்காந்திருக்கிறது யாருன்னு எனக்கும் தெரியும்டா.