இவானா பாடாத கோடை

ஷரஃபுதீன்: ...அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல யார் யார் இருந்தாங்கன்னு எழுதிக்கோம்மா. நாளைக்கு ஒருத்தன் வந்து நீ சொன்னே, நான் சொன்னேன்னு நிக்கக் கூடாது.

அன்புச்செல்வி: ஃபோன்ல ரெக்கார்ட் ஆகுதுங்க ஐயா...

ஷரஃபுதீன்: ஃபோன் கெட்டுப்போகும். எழுதிக்கோ. மயிலாப்பூர், கச்சேரி ரோடு. எஸ். ஷரஃபுதீன், தோல் ஏற்றுமதி, இப்ப ஓய்வு. தங்கச்சி ஷாகிரா. அப்புறம் நீ, அன்புச்செல்வி. மொத்தம் மூணு பேர்.

ஷாகிரா: அடுப்புல பாலும் இருக்கு பாய்ஜான். அதையும் சேர்த்துக்கச் சொல்லுங்க.

ஷரஃபுதீன்: நீ சும்மா இரு. உனக்கு என்ன வேணும்மா?

அன்புச்செல்வி: நாளன்னைக்கு அடையார்ல இத்தாலிப் பாடகி இவானா பெர்தோலி பாடறாங்க இல்லீங்களா... அதை நடத்தறது எங்க ஆஃபீஸ்தான். வர்றவங்களுக்குக் கொடுக்க, அவங்க வாழ்க்கையைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போடறோம். மூணு மணிக்கு அச்சுக்குப் போகணும்.

ஷரஃபுதீன்: அதுக்கு எங்க வீடு எதுக்கு?

அன்புச்செல்வி: அவங்க வீட்டுக்காரர் அஃப்தாப், உங்க தம்பிதானே?

ஷரஃபுதீன்: தம்பி மவுத்தாகி பதினாலு வருஷம் ஆச்சு. அந்தம்மாவுக்கும் இந்த வீட்டுக்கும் ஒண்ணும் கிடையாது. அவ பாட்டை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்புச்செல்வி: சரிங்க. எழுதினதைப் படிக்கறேன், தப்பு இருந்தா மட்டும் சொல்லுங்க. "ஃப்ளாரன்ஸ் பக்கத்தில், தோல் பதனிடும் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை துணிக்கடை..."

ஷரஃபுதீன்: துணிக்கடையா? எவன் சொன்னான்? சாயத் தொட்டியில வேலை பார்த்தவரு. முழங்கை வரைக்கும் செம்பட்டை ஏறியிருக்கும், சோப்பு போட்டாலும் போகாது.

ஷாகிரா: உங்களுக்கு எப்படி...

ஷரஃபுதீன்: வியாபாரத்துல தெரியும். அந்த ஊருக்கு நாம சரக்கு அனுப்பலையா? படிம்மா நீ.

அன்புச்செல்வி: "சர்ச்சில் பாடத் தொடங்கி, பதினாறு வயதில் பீசா அருகே அமெரிக்க சிப்பாய்களின் கிளப்பில் ப்ளூஸ் கேட்டுப் பழகினார்." இந்த ப்ளூஸை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சோகப் பாட்டுன்னு போட்டிருக்கேன்.

ஷரஃபுதீன்: சோகப் பாட்டு இல்லை. ஒரு வரி சொல்லுவாங்க. கேக்கறவன் நம்பலையோன்னு அதையே இன்னொரு தரம் சொல்லுவாங்க. மூணாவது வரியில ஒரு நக்கல் வரும். அழற நேரத்துல சிரிப்பு வந்தா எப்படி இருக்கும்... அந்த மாதிரி.

ஷாகிரா: ஒரு நாளும் கேக்காதவரு சொல்றாரு, எழுதிக்கோம்மா!

ஷரஃபுதீன்: ஷாகிரா, பால் பொங்குது.

ஷாகிரா: அதை அப்பவே இறக்கிட்டேன். பீரோவுல உங்க சட்டைக்கு அடியில மூணு சிடி இருக்கே, அது யாரு பாடினது? நானா?

ஷரஃபுதீன்: ...மேல படிம்மா.

அன்புச்செல்வி: "தோல் விற்க வந்த அஃப்தாபை 1988-ல் மணந்தார். அஃப்தாபின் குடும்பம் ஏற்கவில்லை." இது... போடலாமா?

ஷரஃபுதீன்: போடு. உண்மைதானே. பாட்டுக்காரியைக் கட்டினான்னு பள்ளிவாசல்ல பத்துப் பேர் கேக்க, எங்க அப்பாஜான் தலை குனிஞ்சு நின்னாரு. நான் குனியலை. இப்படி ஒரு தம்பியே இல்லைன்னு சொல்லிட்டேன்.

ஷாகிரா: சொல்லிட்டு மாடிக்குப் போய் அழுதீங்க.

ஷரஃபுதீன்: உன்னை யாரு பார்க்கச் சொன்னது?

அன்புச்செல்வி: கடைசிப் பாரா ஐயா. இதுதான் கொஞ்சம்... "2011 கோடையில் அமெரிக்காவில் நாற்பது ஊர்களில் பாட ஒப்பந்தம். கூடவே பெரிய கம்பெனியின் இசைத்தட்டு. அவர் வாழ்க்கையிலேயே பெரிய வாய்ப்பு. ஒரு ஊருக்கும் அவர் போகவில்லை. கணவரை இழந்த துக்கத்தில் குடியில் விழுந்து..."

ஷாகிரா: அதைப் போடாதே!

அன்புச்செல்வி: இத்தாலிப் பேப்பர் எல்லாத்துலயும் வந்திருக்கு ஆன்ட்டி. அவங்களும் மறுக்கவே இல்லை. நேத்து நேர்லயே கேட்டேன். "அது என் வீட்டுக்காரர் வீட்டு விஷயம். பெரியவர் சொன்னா எழுதிக்கோ, சொல்லலைன்னா இருக்கறது இருக்கட்டும்"னாங்க. அதான் ஓடி வந்தேன்.

ஷரஃபுதீன்: ...பெரியவர்னா சொன்னா?

அன்புச்செல்வி: ஆமாங்க. பாய்ஜான்னுதான் சொன்னாங்க.

ஷாகிரா: இப்பவாவது வாயைத் திறங்க. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு பள்ளிவாசல்ல அந்தக் குலாம் ரசூல் என்ன பேசறாரு? "அஃப்தாப் கட்டினது குடிகாரி." நீங்க செருப்பை மாட்டிக்கிட்டு வந்துடறீங்க.

ஷரஃபுதீன்: நான் என்ன சொல்லணும்கறே?

ஷாகிரா: எனக்கு என்ன தெரியும்? அந்தக் கோடையில சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னாடி இத்தாலியில இருந்து ஃபோன் அடிக்கும். நீங்க கதவைச் சாத்திப்பீங்க. "மெட்ராஸ் பிறையும் வேணாம், மக்கா பிறையும் வேணாம், உன் ஊர்ப் பிறையைப் பாரு!"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவீங்க. நான் என்ன செவிடா?

அன்புச்செல்வி: பிறையா? புரியலை ஆன்ட்டி.

ஷாகிரா: புருஷன் மவுத்தானா எங்கள்ல பொண்டாட்டி இத்தா இருப்பாம்மா. நாலு மாசம் பத்து நாள். அவசியம் இல்லாம வாசல் தாண்டறதில்லை, நகை பூட்டறதில்லை. மாசத்தைப் பிறை வெச்சு எண்ணணும்.

அன்புச்செல்வி: ஐயோ... அவங்க கிறிஸ்டியனாச்சே. அவங்களை யாரு இருக்கச் சொன்னது?

ஷாகிரா: அதுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. நான் சொல்லலை. அஃப்தாப் போய்ச் சேர்ந்துட்டான்.

அன்புச்செல்வி: ஐயா... மணி ரெண்டு ஆகப்போகுது.

ஷரஃபுதீன்: பிறையைப் பாருன்னு அத்தனை தரம் சொல்லியும் காலண்டர் மாசத்தை எண்ணிட்டா, பைத்தியக்காரி. நாலு நாள் கூட வருது அதுல. நாலு நாள் முன்னாடியே முடிஞ்சுதும்மா, எழுந்திருன்னேன். "இருந்துட்டுப் போகட்டும் பாய்ஜான், அவருக்கு நான் எப்பவும் லேட்டாத்தான் வருவேன்"னு சிரிக்கறா...

ஷாகிரா: பாய்ஜான், தண்ணி குடிங்க.

ஷரஃபுதீன்: வேணாம்.

அன்புச்செல்வி: அப்படின்னா ஏங்க ஐயா இத்தனை வருஷமா யாருக்கும் சொல்லலை? சொல்லியிருந்தா அவங்க பேராவது தப்பிச்சிருக்குமே.

ஷரஃபுதீன்: அதைச் சொன்னா இன்னொண்ணையும் சொல்லணும்.

ஷாகிரா: எதை?

ஷரஃபுதீன்: அஃப்தாபை அடக்கம் பண்ணின அன்னிக்கு ஃபோன் பண்ணினா. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை நாங்க. "உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்ப என்ன செய்வா?"ன்னு கேட்டா. எனக்குத் தம்பி போன ஆத்திரம். "எங்க வீட்டுப் பொண்ணுங்க நாலு மாசம் பத்து நாள் உட்காருவாங்க. மேடை ஏறப் போறவ உனக்கெதுக்கு அது?"ன்னு கேட்டேன். குத்திக் காட்டத்தான் கேட்டேன் ஷாகிரா. நான் வழி சொன்னதா அவ எடுத்துக்கிட்டா. முதல் பிறைக்கு அவ ஃபோன் பண்ணினப்பதான் எனக்கே தெரியும். அதுக்குள்ள கம்பெனிக்காரன் வேற பாடகியைப் போட்டுட்டான்.

ஷாகிரா: அல்லாஹ்வே...

அன்புச்செல்வி: ...அப்ப அந்தக் கடைசி வரி, குடின்னு இருக்கறது...

ஷரஃபுதீன்: அடிச்சுடு. அந்தக் கோடையில அவ ஒரு சொட்டுக் குடிக்கலை. இந்த வீட்டு மருமக இத்தா இருந்தா. உட்கார வெச்சது என் வாய்.