ஏஜென்ட் இல்லாத ரிட்டர்ன்

மும்பை மின்சார ரயிலில், குர்லாவில் ஏறிய தம்பதி என் எதிரில் உட்கார்ந்தார்கள். கணவர் தன் வருமான வரி ரிட்டர்னைச் செல்போனிலேயே நிரப்பி முடித்திருந்தார். ஓ.டி.பி. மட்டும் பாக்கி.

“வரவே மாட்டேங்குதே!”

“எப்படி வரும்? கணக்கத் தொறந்து குடுத்தது ஏஜென்ட் அண்ணாச்சிதான? அவரு நம்பருக்குல்லா போயிருக்கும்.”

“ஐயோ! நேத்துதான் அவர்ட்ட, ‘நானே பண்ணிக்கிடுதேன், உம்ம தயவு வேண்டாம்’னு சொன்னேன்.”

“இன்னைக்குக் கடைசி நாளு. அபராதம் கட்டுதீயளா, போன் போடுதீயளா?”

மாட்டுங்கா வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். இறங்குவேனா?

அவர் தயங்கித் தயங்கி அழைத்தார். ஸ்பீக்கரில் சிரிப்புதான் முதலில் வந்தது.

“எழுதிக்கிடும்வே, நாலு, ஏழு... நேத்துலேருந்து போனைக் கையிலயே வச்சிட்டிருக்கேன்.”