பவரைக் குறைக்க வந்தவர்

– கடைசி வரியைப் படிங்க அத்தான்.

– இதுதானா? த, ப, ம, க, ந.

– இன்னொரு தடவை, நிதானமா.

– த, ப, ம, க, ந. கண்ணு கழுகு மாதிரி இருக்கு பாப்பா. பேசாம பவரைக் குறைச்சு எழுதிடு.

– அத்தான், அந்த அட்டையை மாத்தி ரொம்ப நாளாச்சு. இப்ப அங்க எழுத்தே கிடையாது. எல்லாம் எண்.

– எண்ணா?

– எண்.

– அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

– போன தடவை வந்தப்ப மனப்பாடம் பண்ணீங்களா?

– தானா மனசுல நின்னுடுச்சு. எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

– கண்ணுதான் கம்மி. கழுகுக்கு எதிர்ல இருக்கறது கோழியா கோபுரமான்னு தெரியல. உங்களுக்கு பவர் ஏறியிருக்கு அத்தான், இறங்கல. இந்த நாற்காலியில உக்கார்ற எல்லாரும் இன்னும் தெளிவா தெரியணும்னுதான் கேப்பாங்க. மங்கலா தெரியணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான். அதுவும் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கறவர்.

– வண்டிக்கு இப்ப போட்டிருக்கற கண்ணாடியே போதும். நான் கேக்கறது ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்.

– ஞாயித்துக்கிழமை சபைக்குத்தானே போறீங்க?

– அங்கதான் ரூட்டு தப்புது.

– கொயர்ல பாட நிக்கறீங்க. பாட்டுப் புஸ்தகம் தெரிய வேணாமா?

– பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்.

– அட்டை மாதிரியா?

– கிண்டல் பண்ணாதே பாப்பா. இது ஆத்தும விஷயம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு பிரச்சினை.

– அந்தத் தெரிஞ்சவருக்கும் கொயர்ல அடிக்குரலா?

– ஆமா.

– அவருக்கும் ஒரு மச்சினி, கண்ணாடிக்கடை வச்சிருக்காளா?

– பிரேக்கைப் போடு பாப்பா! சரி, நான்தான். கதவைச் சாத்து. உங்க அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது.

– அதை நான் கேட்டுட்டு முடிவு பண்றேன். சொல்லுங்க.

– தியானக் கூட்டத்துக்குப் போனோம்ல, அங்க பேசினவர் கண்ணோட இச்சையைப் பத்தி ஒரு செய்தி குடுத்தார். ஒரு பொம்பளையை இச்சையோட பாத்தாலே மனசுல விபசாரம் நடந்து முடிஞ்சுதுன்னார். எனக்கு குப்புனு வேர்த்துடுச்சு. இடறல் பண்ற கண்ணைப் பிடுங்கிப் போடுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரேன்னு அன்னிக்கே ஒரு தீர்மானம் எடுத்தேன்.

– அவர் பிடுங்கச் சொன்னார். நீங்க தவணை முறையில பிடுங்கறீங்க. இந்த மாசம் கால் பவர், அடுத்த மாசம் கால் பவர்.

– முழுசா கேளு. ஆராதனை நேரத்துல கண்ணாடியைக் கழட்டி சட்டைப்பையில வச்சுட்டேன். யாரும் தெரியலன்னா யாரையும் பாக்க வேணாம், இல்லியா? அடுத்த வாரமே, மங்கலா இருக்கற அந்தக் கூட்டத்துல, ஜன்னல் பக்கம் ஒரு மஞ்சள்.

– என்ன மஞ்சள்?

– மஞ்சள் உடுப்பு. ஒரு பொம்பளை. எனக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனா பாப்பா, ஒரு நிதானம், ஒரு அசைவு... என் குரலே இறங்க வேண்டிய இடத்துல இறங்காம போயிடுச்சு. அன்னிலேர்ந்து வாரா வாரம் அந்தப் பக்கமேதான் கண்ணு போகுது. வீட்டுல சாப்பிடறப்பவும் அதே நெனப்பு. மாணவன் கியர் போடறான், எனக்கு மஞ்சள். சிக்னல் மஞ்சளுக்கு மாறினா நெஞ்சு அடிச்சுக்குது.

– கொஞ்சம் இருங்க. இந்த லென்ஸைக் கீழ வச்சுடறேன், இல்லன்னா உடைச்சுடுவேன்.

– கோபமா?

– என் அக்கா வாழ்க்கை அத்தான் இது. நான் இவ்வளவு நேரம் விளையாட்டா பேசிட்டிருந்தேன். அந்தப் பொம்பளைகிட்ட பேசினீங்களா?

– சத்தியமா இல்ல.

– போன் நம்பர்?

– முகமே தெரியாதுங்கறேன், நம்பரா! பாப்பா, நான் கெட்டவன் இல்ல. இதிலேர்ந்து வெளிய வரத்தான் உன்கிட்ட வந்தேன். கொயரை விட்டுடறேன்னு பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். ஏன்னு கேட்டார், தொண்டை சரியில்லன்னேன். தேன் வாங்கிக் குடுத்துட்டார்.

– வேற என்னவெல்லாம் பண்ணிப் பாத்தீங்க?

– பச்சைத் தண்ணியில குளிச்சேன், சளி பிடிச்சுது. உபவாசம் இருந்தேன். பசியோட பாத்தா இன்னும் மோசம்.

– அப்பறம் எதுக்கு அரைகுறைப் பவர்ல ஒரு கண்ணாடி? இப்படியே வெறுங்கண்ணா நிக்க வேண்டியதுதானே?

– எப்படி நிக்கறது? பாஸ்டர்னு நெனச்சு ஒரு தூணுக்கு கை குடுத்து ஸ்தோத்திரம் சொல்லிட்டேன். கழட்டின முதல் வாரமே பின் வரிசையிலேர்ந்து படி தெரியாம இறங்கி முன்னாடி நின்னவர் தோள்ல தொங்கினேன். அதனால படி தெரியணும், மனுஷங்க தெரியக்கூடாது. அந்த அளவுக்கு ஒரு பவர் குடு.

– சரியான கண்ணாடியைப் போட்டா என்ன?

– மங்கலா இருக்கறப்பவே இந்தப் பாடுன்னா, தெளிவா தெரிஞ்சா நான் என்ன ஆவேன்?

– அத்தான், அங்கதான் தப்புக் கணக்கு போடறீங்க. கண்ணுக்கு சரியா தெரியாத இடத்தை மனசு சும்மா விட்டு வைக்காது. தனக்குப் பிடிச்சதை வச்சு நிரப்பிக்கும். நீங்க பாக்கறது அந்தப் பொம்பளையை இல்ல. ஒரு மஞ்சளை மாட்டி வச்சு, மிச்சத்தை நீங்களே வரைஞ்சுக்கறீங்க. அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?

– தெரியாது.

– சந்தோஷமா இருக்காங்களா, அழுதுட்டிருக்காங்களா?

– அவ்வளவு தூரம் தெரியாது.

– பாருங்க, ஒரு முழு மனுஷி அங்க உக்காந்து ஜெபம் பண்ணிட்டிருக்காங்க. நீங்க அவங்களை ஒரு கலரா ஆக்கி சட்டைப்பையில போட்டுட்டு வந்துட்டீங்க. இச்சைன்னா அதுதான். அதிகமா பாக்கறது இல்ல. ஆளையே பாக்காம இருக்கறது.

– அப்ப கண்ணுல பட்டதே பாவமா?

– அதை நீங்கதான் சொல்லணும். ரோட்டுல திடீர்னு ஒருத்தர் குறுக்க வந்தா?

– அது என் தப்பு இல்ல. பிரேக் போட்டு நேரா போயிடுவேன்.

– அவரை இன்னொரு தடவை பாக்கறதுக்காகவே வண்டியைத் திருப்பிட்டு வந்தா?

– அது என் தப்புதான். நான் வாரா வாரம் திருப்பிட்டு வர்றேன் பாப்பா. இண்டிகேட்டர் போட்டே திருப்பறேன்.

– ஓட்டக் கத்துக்கற பையன் விளக்குக் கம்பத்துலயே போய் முட்டினா என்ன சொல்லிக் குடுப்பீங்க?

– புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதான் அது. கம்பத்துல மோதிடக்கூடாதே, மோதிடக்கூடாதேன்னு கம்பத்தையே பாப்பாங்க. கண்ணு எங்கயோ கை அங்கதான் போகும். கம்பத்தைப் பாக்காதேன்னு நான் சொல்லவே மாட்டேன். சொன்னா கண்டிப்பா முட்டுவான். நீ போக வேண்டிய ரோட்டைப் பாருப்பான்னு சொல்...

– ஏன் நிறுத்திட்டீங்க?

– ஒண்ணுமில்ல. என் வகுப்புக்கு நானே ஃபீஸ் கட்டாம உக்காந்திருக்கேன்.

– மஞ்சளைப் பாக்கக்கூடாது, மஞ்சளைப் பாக்கக்கூடாதுன்னு கண்ணாடியைக் கழட்டறது, கொயரை விடறது, பட்டினி கிடக்கறது. எல்லாமே மஞ்சளைச் சுத்தித்தான் நடக்குது. எதுக்காக சபைக்குப் போனீங்களோ அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

– நீ ஏன் பாப்பா பாஸ்டர் ஆகல?

– கடை வாடகை குடுக்கணும். சரி, அவங்க எங்க உக்காருவாங்கன்னு சொல்லுங்க. நான் முன்னாடி உக்கார்றேன், பின்னாடி இருக்கறவங்க என் கண்ணுல படல.

– தூணைத் தாண்டி ஜன்னல் ஓரம். பாடறப்ப தலையை ஒரு பக்கமா சாய்ப்பாங்க. எல்லாரும் உக்காந்தப்பறம் ஒரு நொடி கழிச்சுத்தான் உக்காருவாங்க. அந்த ஒரு நொடி இருக்கே பாப்பா...

– போதும், போதும். தலையைச் சாய்ச்சு?

– இடது பக்கம்.

– உடுப்புல கையோரம் வெள்ளையா ஒரு பட்டை?

– வெள்ளையா ஏதோ இருக்கும். உனக்கு எப்படித் தெரியும்? ஏன் சிரிக்கறே? பாப்பா, அட்டை கீழ விழுது பாரு. நான் உயிர் போற விஷயம் சொல்றேன், நீ மேஜையைப் பிடிச்சுட்டு சிரிக்கறே!

– அத்தான்... தண்ணி... தண்ணி குடுங்க. அந்த மஞ்சள் என்னோடது. துணி என்னோடது. போட்டுக்கோன்னு அக்காவுக்குக் குடுத்தேன்.

– எந்த அக்காவுக்கு?

– எனக்கு எத்தனை அக்கா? உங்க பொண்டாட்டிக்கு!

– அவ எப்படி அங்க வருவா? நான் பாட்டுப் பயிற்சிக்கு விடியறப்பவே வந்துடுவேன், அவ அப்பறமா வந்து நேரா உள்ள போயிடுவா. அந்த நேரத்துல அவ பின்கட்டுல ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு கதை சொல்லிட்டிருப்பா.

– ஞாயிறு பள்ளிக்கு லீவு விட்டாச்சு. கூரை ஒழுகுதுன்னு வேலை நடக்குது. வீட்டுல சொல்லலியா அவ?

– சொல்லியிருப்பா.

– நீங்க கேட்டீங்களா?

– அந்த நேரம் நான் மஞ்சளை நெனச்சுட்டிருந்திருப்பேன்.

– நல்லா இருக்கு! சமைச்சுப் போட்டவளை எதிர்ல வச்சுக்கிட்டு அவளையே நெனச்சு உருகியிருக்கீங்க.

– பாப்பா! அப்படின்னா நான் பாவியே இல்ல! ஸ்தோத்திரம்! சொந்தப் பொண்டாட்டியைப் பாத்தா எந்தச் சட்டத்துலயும் தப்பு இல்ல! எடு, என் கண்ணாடியை எடு, நான் கிளம்பறேன். தேனை பாஸ்டருக்கே திருப்பிக் குடுத்துடறேன்.

– உக்காருங்க அத்தான். ஒருத்தன் திருடறதுக்கு சுவரேறிக் குதிக்கறான். உள்ள போய் விளக்கைப் போட்டா அது அவன் சொந்த வீடு. அவன் திருடனா, வீட்டுக்காரனா?

– வீட்டுக்காரன்.

– சுவரேறறப்ப?

– இருட்டுல அதெல்லாம் யாருக்குத் தெரியும்?

– சொல்லுங்க.

– திருடன்தான். ஆனா பொருள் எதுவும் களவு போகலியே?

– நல்ல காலம், போகல. சுவரேறின கால் உங்களோடதுதானே? அடுத்த தடவை அது பக்கத்து வீடா இருந்தா? மனசு யாருன்னு பாத்து ஏறல. யாரா இருந்தாலும் சரின்னு ஏறிச்சு.

– கொஞ்ச நேரம் சந்தோஷமா இருக்க விடமாட்டியா நீ?

– இருங்க, யார் வேணாம்னா? ஒண்ணு கேக்கறேன். அக்காவை கடைசியா எப்ப முழுசா பாத்தீங்க?

– இன்னிக்குக் காலையில கூட பாத்தேனே.

– எந்தக் கண்ணாடி போட்டிருந்தா?

– எப்பவும் போடற கண்ணாடி.

– எப்பவும் போடறது உடைஞ்சு, புதுசு தயாராகி இந்த டப்பாவுல கிடக்கு. வீட்டுல போட்டிருக்கறது காது ஒடிஞ்சு நூல் சுத்தின பழசு. அதோட சபைக்கு வர வெக்கப்பட்டு, அவளும் வெறுங்கண்ணோடதான் வர்றா. தூரத்துல ஒரு மஞ்சளோட தலை சாய்ஞ்சது தெரியுது உங்களுக்கு. பக்கத்துல நூல் சுத்தினது தெரியல.

– நூலா சுத்தியிருக்கா?

– கறுப்பு நூல்.

– நான் ஒரு மடையன் பாப்பா. கண்ணாடியை முன்னாடி பாக்கறதுக்கு மாட்டிக்கிட்டு பக்கத்து சீட்டைப் பாக்காதவன்.

– முழுப் பவர்ல எழுதறேன். ஞாயித்துக்கிழமை போட்டுக்கிட்டு நில்லுங்க. மறுபடி யாராவது கண்ணுல பட்டா, முகத்தைப் பாருங்க, அவங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணிட்டு நேரா போயிட்டே இருங்க. ஆனா முதல்ல அக்காகிட்ட சொல்லிடுங்க.

– இதையா? அதான் அவளேன்னு ஆயிடுச்சே!

– மறைச்சு வச்சா இருட்டுல வளரும் அத்தான். வெளிச்சத்துல வச்சா சுருங்கிடும். அதோ, கண்ணாடி வாங்க அவளே வந்துட்டா. அக்கா, உள்ள வா!

– என்னங்க, நீங்க எங்க இங்க? வண்டியை எங்கயாவது இடிச்சுட்டீங்களா? ஏன் இப்படி வேர்த்திருக்கு?

– நீ உக்காரு. உக்காரும்மா. அந்தக் கண்ணாடியைக் குடு, நூல் உறுத்தும். நான் ஒண்ணு சொல்லணும். முழுசா கேட்டுட்டு அடி.

– பாப்பா, என்ன ஆச்சு இவருக்கு?

– கேளு அக்கா.

– நான் சபையில ஒரு பொம்பளையை... பாத்தேன். தப்பா பாத்தேன். வாரா வாரம்.

– யாரை?

– பொறு, கைப்பையைக் கீழ வை. ஜன்னல் ஓரம், மஞ்சள் உடுப்பு.

– அங்க நான்தானே உக்கார்றேன்?

– ஆமா. நீதான். ஆனா நீன்னு தெரியாது. கண்ணாடி போடல. யாரோன்னு நெனச்சுத்தான் பாத்தேன். அது உனக்கு நான் பண்ணின துரோகம். மன்னிச்சுடு.

– பாத்தது நீங்களா? நீங்க பின் வரிசையில, மூலையிலதானே நிப்பீங்க? அங்கேர்ந்து ஜன்னல் தெரியாதே?

– படி தெரியாம ஒருத்தர் தோள்ல தொங்கினதுக்கு அப்பறம் விழுந்து வைப்பேன்னு முன் வரிசைக்கு மாத்திட்டாங்க. ஜன்னல் பக்கத்துக் கடைசி ஆள் நான்தான்.

– வெள்ளை அங்கி போட்டு, பாட்டை விட்டுட்டு, ஜன்னலையே பாத்துட்டு நிக்கறது...

– எல்லாரும்தான் வெள்ளை அங்கி போட்டிருக்காங்க. கண்ணாடி இல்லாம உனக்கு எங்க தெரிஞ்சிருக்கப் போகுது? கோபம்னா திட்டிடும்மா.

– அக்கா, உன் முகம் ஏன் இப்படிச் சிவக்குது? ஆமா, முன்னாடி என் பக்கத்துல இடம் இருக்குன்னு கூப்பிட்டா, ஜன்னல்ல காத்து வருதுன்னு வாரா வாரம் அங்கயே போய் உக்காந்தியே, அது ஏன்?

– அடச்சே, அந்த வெள்ளை அங்கி நீங்கதானா!