ஞாயிறன்று வந்ததாகச் சொல்லப்படும் படகு

வடகடற்கரைக் கிடங்குச் சிறையிலிருந்து அய்யாக்குட்டி என்பவர் காணாமற்போனது குறித்து, அவர் மனைவி பேச்சித்தாய் சென்னை அமைச்சரவைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின்மேல் நடைபெறும் உசாவலில், துணை ஆட்சியர் முன்னிலையில், 1946ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் சனிக்கிழமை பிற்பகல், தூத்துக்குடியில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் சிவனணைந்தபெருமாள். தந்தையார் பெயர் மந்திரமூர்த்தி. அகவை நாற்பத்து மூன்று. ஏரல் கடைத்தெருவில் கருப்பட்டி வாணிகம் செய்து அங்கேயே குடியிருக்கிறேன். பொதுமேடைகளில் பேசுவது உண்டு. அதற்காக ஊதியம் பெற்றதில்லை, தண்டனை பெற்றிருக்கிறேன்.

நிகழ்ச்சிகளைச் சொல்லுமுன் ஒன்றைப் பதிவு செய்யக் கோருகிறேன். இவ்வுசாவல் நடைபெறும் இந்த மாளிகை, உப்பள உரிமையாளரும் அரசின் குத்தகைக்காரருமான ராஜதுரை அவர்களின் விருந்தினர் இல்லமாகும். அரசினர் விடுதியில் ஓடு மாற்றுவதால் இங்குத் தங்க நேர்ந்ததென்று துணை ஆட்சியர் அவர்கள் தெரிவித்தார்கள். விடுதிக் கூரையை ஓட்டுக்காரர் பிரித்தது உசாவல் நாள் அறிவிக்கப்பட்ட பின்னரே என்பதையும் சேர்த்து எழுதுமாறு கேட்டேன், எழுதப்பட்டது. இங்கே கொடுத்த காப்பியை நான் அருந்தவில்லை.

இவ்வாண்டு ஆகஸ்ட் திங்களில், கப்பலிலிருந்து தோணியில் சரக்கு இறக்கும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை ஆதரித்துக் கடற்கரையில் பேசினேன். அமைதிக்குக் கேடு விளைவித்ததாக வழக்குத் தொடுத்து, மதிப்புறு நடுவர் சுந்தர்சிங் அவர்கள்முன் என்னை நிறுத்தினார்கள். அவர் சட்டம் பயின்றவர் அல்லர். அரசு அமர்த்தியதால் ஊதியமின்றி அவ்விருக்கையில் இருப்பவர். குத்தகைக்காரர் ராஜதுரை அவர்களின் தங்கையை மணந்தவர். அவரை அப்பதவிக்குப் பரிந்துரைத்த குழுவில் ராஜதுரை அவர்களும் இருந்தார் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே, “தங்களை நடுவராக அமர்த்தியவர் அரசா, மைத்துனரா?” என்று வெளிப்படையாகக் கேட்டேன். அதற்கு அவர், “வே பெருமாளு, கூட்டத்துல கைதட்டுதவன் ஒருத்தனும் இங்கன இல்ல. குரலக் கொஞ்சம் இறக்கும்” என்று சொல்லி, கடுங்காவலில்லாத ஆறு வாரச் சிறைத்தண்டனை விதித்தார்.

அதன் பின்னர் என்னைக் கிடங்குச் சிறைக்குக் கொண்டு சென்றார்கள். நகரச் சிறையில் இடமில்லை என்று காரணம் கூறி, ராஜதுரை அவர்களின் பழைய பஞ்சுக் கிடங்கை அரசு வாடகைக்கு எடுத்துச் சிறையாக்கியிருந்தது. உணவு வழங்குவதும் அவரே. அதற்கு ஈடாகவோ வேறெதற்காகவோ, கடுங்காவல் தண்டனை பெற்றவர்களை அவருடைய உப்பளத்தில் வேலை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் இருந்தது. அவ்வொப்பந்தத்தைக் காட்டுமாறு சிறை மேலாளரிடம் கேட்டபோது, அது மேலிடத்தில் இருக்கிறது என்றார். எந்த மேலிடம் என்று கேட்டதற்கு மேலே கூரையைப் பார்த்தார். கூரையும் ராஜதுரை அவர்களுடையதே.

அச்சிறையில்தான் அய்யாக்குட்டியைக் கண்டேன். சாத்தான்குளத்துப் பக்கத்துப் பனையேறி. பனை ஓய்ந்த காலத்தில் உறவினரைத் தேடி இவ்வூருக்கு வந்தவர். உப்பளத்து ஓரத்தில் மடியில் உப்பு அள்ளியதாக ராஜதுரை அவர்களின் கணக்குப்பிள்ளை கொடுத்த புகாரின்பேரில் பிடிபட்டவர். வழக்கு விசாரிக்கப்படவில்லை, நடுவர் சுந்தர்சிங் அவர்கள் ஒவ்வொரு முறையும் காவலை நீட்டித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். தீர்ப்புப் பெறாதவரை வேலை வாங்கக் கூடாதென்பது சிறை விதி. ஆயினும் அவரையும் நாள்தோறும் அளத்துக்குக் கொண்டுபோனார்கள். குத்தகைக்காரரின் ஆள் புகார் சொல்ல, குத்தகைக்காரரின் மைத்துனர் காவலில் வைக்க, குத்தகைக்காரரின் கிடங்கில் அடைபட்டு, குத்தகைக்காரரின் சோற்றை உண்டு, குத்தகைக்காரரின் உப்பை ஒருவர் வாரினார். இதில் அரசு எவ்விடத்தில் இருந்தது என்பதை அறியவே இவ்வுசாவல் என்று நம்புகிறேன்.

செப்டம்பர் 22ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று வேலை கிடையாது. ஆயினும் காலையில் கடற்புறத்தில் மழை கட்டியிருந்ததால், புதிதாக வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களைப் பனையோலையால் மூடவேண்டுமென்று அளத்திலிருந்து ஆள் வந்தது. ஓலை வேய்வதில் அய்யாக்குட்டிக்கு இணையில்லை என்று அளத்து மேஸ்திரி அவர் பெயரைச் சொல்லியே கேட்டார். அய்யாக்குட்டி எழவில்லை. “இன்னிக்கு வேலை இல்லன்னு இருக்கு. எனக்கு என்னிக்குமே வேலை இல்லன்னு அண்ணாச்சி சொல்லுதாவ” என்று என்னைக் காட்டினார். விதியை அவருக்கு எடுத்துச் சொன்னவன் நான்தான். தலைமைக் காவலர் ஏகாம்பரம் அவரைத் தோளில் பிடித்துத் தூக்கி வரிசையில் நிறுத்தினார். அவரோடு சேர்த்துச் சிலரை அழைத்துச் சென்றதை வாயிற்கம்பி வழியே பார்த்தேன்.

மழை பெய்யவில்லை. மாலையில் அவர்கள் திரும்பியபோது அய்யாக்குட்டி இல்லை. அதன் பின்னர் தலைமைக் காவலர் ஏகாம்பரம் எங்கள் அனைவரையும் முற்றத்தில் உட்காரவைத்து, “பாத்துக்கோங்கய்யா, அவன் கடல்ல குதிச்சு நீந்திப் போய்ட்டான். மீன் புடிக்கிற படகு ஒண்ணு அந்தாண்ட நின்னுக்கினு இருந்துச்சு. தூக்கிப் போட்டுக்கினு போய்ட்டாங்க. யார் கேட்டாலும் இதான் நடந்தது” என்றார். அவர் வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

அப்போது அளத்துக்குச் சென்று திரும்பியவர்களுள் ஒருவரான கிருபாநிதி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் ஆலந்தலை மீனவர். அடிதடி வழக்கில் தண்டனை பெற்றிருந்தவர். “ஞாயித்துக்கிழமையா? எங்க கரையில இன்னிக்கு வலையைத் தொட்டாலே ஊர்ல தண்டம் போடுவாவ. பூசை முடிஞ்சு அவனவன் வீட்டுல கறிச்சோறு தின்னுட்டுக் கிடப்பான். எந்த அந்தோணியாரு வந்து இவனுக்குப் படகு விட்டாராம்?” என்றார். முற்றத்தில் இருந்த உள்ளூர்க்காரர் அத்தனை பேரும் சிரித்தார்கள். பின்னர் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். இந்தக் கடற்கரை மீனவர் கத்தோலிக்கர், ஞாயிறன்று எவரும் கடலுக்குப் போவதில்லை. தூத்துக்குடியில் பிறந்த எவரும் அப்படியொரு பொய்யைப் புனைந்திருக்கமாட்டார். தலைமைக் காவலரின் முகம் மாறியதைக் கண்டேன்.

அதன் பின்னர் தண்ணீர்த் தொட்டியருகே, உப்பில் வெடித்த கைகளைக் கழுவிக்கொண்டே கிருபாநிதி என்னிடம் சொன்னதை, நான் கண்ணால் காணாதது என்ற குறிப்போடு சொல்கிறேன். அய்யாக்குட்டி அளத்திலும் வேய மறுத்திருக்கிறார். மேஸ்திரி உப்பு வாரும் பலகையால் அவர் பின்தலையில் அடித்திருக்கிறார். அய்யாக்குட்டி அம்பாரத்தின் அடியில் விழுந்தார். உடனே மற்றவர்களை அளத்தின் மறுகோடிக்கு விரட்டினார்கள். திரும்ப அழைத்தபோது அய்யாக்குட்டி அங்கே இல்லை. அந்த அம்பாரம் முன்னைவிட உயர்ந்து, மேலே ஓலையும் போடப்பட்டிருந்தது. “அண்ணாச்சி, நான் சிரிச்சிருக்கப்படாது” என்று கிருபாநிதி கடைசியாகச் சொன்னார். மறுநாள் காலையில் அவரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். எந்தச் சிறைக்கு என்று கேட்டேன். மேலிடம் அறியும் என்றார்கள். அவரை இவ்வுசாவலுக்கு அழைக்குமாறு எழுத்து வாயிலாக வேண்டியிருக்கிறேன். அவர் எங்கிருக்கிறார் என்பதைக் கண்டறிய இயலவில்லை என்று சிறைத்துறை தெரிவித்ததாக இன்று எனக்குச் சொல்லப்பட்டது. அரசு தன் பூட்டுக்குள் வைத்தவரையே அரசால் கண்டறிய இயலவில்லை.

தண்டனை முடிந்து வெளிவந்த பின்னர் சிறை மேலாளரைச் சந்தித்தேன். வாயிலைக் கடந்தபின் சிறைப்பட்டவர்கள் குத்தகைக்காரரின் பொறுப்பு என்று அவர் கூறினார். அதன் பின்னர் ராஜதுரை அவர்களை அவருடைய அலுவலகத்தில் சந்தித்தேன். “வாங்க அண்ணாச்சி, மைக்கு இல்லாமப் பேச வருமா?” என்று வரவேற்று உட்காரச் சொன்னார். அய்யாக்குட்டியைப் பற்றிக் கேட்டதும், “ஆளு சர்க்கார் ஆளு. சர்க்கார் காவலோட வந்தான், சர்க்கார் காவல்லேருந்து ஓடினான். நான் உப்பு விக்கிறவன், கைதி விக்கிறவன் இல்ல” என்றார். சிறை வாயிலுக்கும் அளத்துக்கும் இடையே ஒரு சாலை உண்டு. அச்சாலையில் நடந்தபோது அய்யாக்குட்டி எவருடைய பொறுப்பில் நடந்தார் என்பதை இருவருமே சொல்லவில்லை.

அதன் பின்னர் சாத்தான்குளத்துப் பக்கம் பேச்சித்தாயின் வீட்டுக்குச் சென்றேன். தப்பியோடியவரை ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லிக் காவல்துறையினர் குடிசையைக் கிளறி, பேச்சித்தாயின் உடன்பிறந்தானையும் பிடித்துச் சென்றிருந்தார்கள். தாலியைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் இருப்பதாக அவ்வம்மையார் சொன்னார். “ஓடிப்போனவன் பொண்டாட்டிங்காவ, அண்ணாச்சி. அவுகளுக்கு நீச்சல் ஏது? பனை உச்சியில நின்னு காத்துல ஆடுவாக. கடலப் பாத்தா, ‘ஏளா, தலை சுத்துதுளா, வா போவோம்’னு முதுகத் திருப்பிக்கிடுவாக” என்றார்.

அதன் பின்னர் அவரும் நானும் தூத்துக்குடிக்கு வந்து, பொதுச்சாலையில் நின்று அளத்தைப் பார்த்தோம். உள்ளே நுழையவில்லை. சாலையோரமாக இருந்த அம்பாரங்களை ஏற்றிச் சென்ற தடம் தெரிந்தது. உள்ளே சில அம்பாரங்கள் பாதி ஏற்றப்பட்டு நின்றன, தெற்கு மூலையில் உள்ள ஒன்று மட்டும் தொடப்படாமல் நின்றது. “அங்கன பாருங்க. மத்ததெல்லாம் அவுக முந்தியே பின்னின பின்னல். நாரு போட்டு இழுத்துக் கட்டியிருக்காக. அது மட்டும் சும்மா ஓலைய அள்ளிப் போட்டுக் கல்லத் தூக்கி வச்சிருக்கு. அது அவுக கை இல்ல” என்று பேச்சித்தாய் அதைக் காட்டினார். அவர் அழவில்லை. அந்த அம்பாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

அந்த அம்பாரத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். நாள் பல கடந்துவிட்டன, இனிப் பார்த்துப் பயனில்லை என்ற மறுமொழியை ஏற்கமாட்டேன். உப்பு எதையும் அழுகவிடாது என்பதை இவ்வூர்ச் சந்தையில் கருவாடு வாங்கிய எவரும் அறிவர். அய்யாக்குட்டி அங்கே இல்லையென்றால் மேடையேறி என் பிழையை ஒப்புக்கொள்வேன். ராஜதுரை அவர்களிடம் மன்னிப்பும் கேட்பேன்.

இவ்விடத்தில் துணை ஆட்சியர் அவர்கள், அம்பாரத்தைப் பிரிக்கும் ஆணையைத் திங்கட்கிழமை பிறப்பிப்பதாகத் தெரிவித்தார்கள். இன்றே ஒரு காவலரையாவது அங்கே நிறுத்துமாறு வேண்டினேன். அளம் தனியார் உடைமையாதலால் அதற்கும் ஆணை தேவை என்றார்கள். தீர்ப்புப் பெறாத ஒருவரை அந்தத் தனியார் உடைமைக்குள் அரசுக் காவலர் கொண்டுசென்றபோது எந்த ஆணை தேவைப்பட்டது என்று கேட்டேன். இக்கேள்வி உசாவலுக்குப் புறம்பானது என்று சொல்லப்பட்டது. இக்கேள்வியும் அவ்விடையும் இவ்வாறே பதிவாகவேண்டும் என்று கோரினேன்.

இவ்வறைக்குள் வரும்போது ராஜதுரை அவர்களின் கணக்குப்பிள்ளை தாழ்வாரத்தில் நின்றிருந்தார். சன்னல் திறந்திருக்கிறது. நான் அம்பாரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது அவர் மிதிவண்டியில் ஏறி அளத்துச் சாலையில் போவதைக் கண்டேன். துணை ஆட்சியர் அவர்களும் கண்டார்கள்.

ஆகையால் இவ்வாக்குமூலத்தில் கையொப்பமிட்டதும் நேராக அளத்துக்குச் சென்று, பொதுச்சாலையில், தெற்கு மூலை அம்பாரத்துக்கு எதிரே, திங்கட்கிழமை ஆணை வரும்வரை உட்கார்ந்திருப்பேன். பேச்சித்தாய் ஏற்கெனவே அங்கே போய்விட்டார். ஆணையோடு வருகிறவர்கள் எங்கள் இருவரையும் அவ்விடத்தில் காணவேண்டும். காணாவிட்டால், எங்களைப் பற்றிச் சொல்லப்படும் எதையும் நம்புமுன் இவ்வாக்குமூலத்தைப் படிக்கவேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. பேச்சித்தாய்க்கும் தெரியாது. நாளை ஞாயிற்றுக்கிழமை, இக்கரையில் எந்தப் படகும் கடலில் இராது.

கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், ஐயுறுவதை ஐயமாகவும் பிரித்தே சொல்லியிருக்கிறேன். எவர் தூண்டுதலும் அச்சுறுத்தலும் இல்லை. இதன்கண் உள்ளவை அனைத்தும் உண்மை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்பி, என் கையால் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ம. சிவனணைந்தபெருமாள்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. சாட்சி கையொப்பமிட்ட பின்னர், அளத்துக்குச் செல்லும் சாலையில் தனியே நடந்து சென்றார்.

(ஒப்பம்) துணை ஆட்சியர்