வெஃபும் பள்ளத்து ஆறு கோழிகள்

கோழிக்கறி சாப்பிடும்போது, இந்தக் கோழி எப்படிச் செத்தது என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை. அன்று என் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்ட முப்பது பேரும் கேட்கவில்லை. இரண்டு விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களும் கேட்கவில்லை.

என் பெயர் லியோங்கா. இந்த மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் நான் மோலா. எங்கள் கடற்கரையில் ஆண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. இங்கே அதையே என் பெயராக்கிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்தவன் நான். மாதா கோவில் அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு கையேடு கிடைத்தது. தகராறுகளைப் பேசித் தீர்ப்பது எப்படி என்று அதில் இருந்தது. பதினோரு முறை படித்தேன். வேறு படிப்பு எனக்குக் கிடையாது. மாவட்ட அலுவலகம் என்னை வெஃபும் ஏரி விவகாரத்தைப் பேசித் தீர்க்க அனுப்பியதற்கு ஒரே காரணம்தான். நான் வெளியூர்க்காரன், எனக்கு இங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஏரி ஏப்பம் விட்டது. இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஏரியின் அடியில் இருந்த கெட்ட காற்று மேலே வந்து பள்ளத்தில் இறங்கியது. பள்ளத்தில் இருந்தவர்கள் செத்தார்கள், வேறு ஊரில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் அன்றிலிருந்து தகரக் கூரை முகாமில் இருக்கிறார்கள். இப்போது ஒன்பது குடும்பங்கள், நாற்பத்தொரு பேர், பள்ளத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்றார்கள். போகலாமா கூடாதா என்பதுதான் கேள்வி.

போகலாம் என்றவர் அமைச்சகத்து டாக்டர் எவூனா. கூடாது என்றவர் பல்கலைக்கழகத்து டாக்டர் லங்சி. முதல் கூட்டத்திலேயே இரண்டு பேரும் ஆளுக்கொரு கருவியை மேசைமேல் வைத்தார்கள். பள்ளத்துக் காற்றில் கெட்ட வாயு நூற்றுக்கு எவ்வளவு என்பதற்கு ஒன்று அரை என்றது. இன்னொன்று ஒன்பது என்றது.

"இருபது வருஷமா குழாய் இறக்கி ஏரி வயித்துல இருந்த காத்தையெல்லாம் வெளியேத்திட்டோம்மா. இப்ப அது கேஸ் போன சோடா பாட்டில்" என்றார் எவூனா.

"பாட்டில் காலிதான் டாக்டர், நானும் ஒத்துக்கறேன். பள்ளத்துத் தரையிலிருந்து தனியா ஒண்ணு கசியுதே, அதுக்கு எந்த மூடி போட்டிருக்கீங்க?" என்றார் லங்சி.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதை மூன்றாவது கூட்டத்தில் கண்டுபிடித்தேன். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. எவூனா மத்தியானம் நின்றுகொண்டு நெஞ்சு உயரத்தில் அளந்தார். லங்சி காற்று வீசாத விடியற்காலையில் கணுக்கால் உயரத்தில் அளந்தார். இதைச் சொன்னதும் சமாதானமாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். "அப்ப மனுஷன் கணுக்காலாலயா மூச்சு விடறான்?" என்று எவூனா கேட்டார். "படுத்தா மூக்கு எங்க இருக்கும் டாக்டர்?" என்று லங்சி கேட்டார். அதற்கப்புறம் இன்னும் பத்துக் கூட்டம்.

இதில் உண்மையாகவே இழக்கவோ பெறவோ ஏதாவது இருந்தது ஒருவருக்குத்தான். மா மங்கா. ஒன்பது குடும்பங்களுக்கும் அவர்தான் வாய். ஏரி ஏப்பம் விட்ட அன்று சந்தைக்குப் போனவர் வண்டி கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டார். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் பள்ளத்தில் இருந்தார்கள். அங்கேயேதான் புதைத்திருக்கிறது.

பதிமூன்றாவது கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னார்: "படிச்சவங்களே, உங்க பெட்டிங்களை மூடி வைங்க. எங்கூர்ல மனுஷனுக்கு முன்னாடி கோழிதான் செத்துச்சு. கூண்டுல கோழியை வெச்சுப் பள்ளத்துல மூணு நாள் விடுங்க. பொழைச்சா நாங்க போறோம். செத்தா நான் வாயை மூடிக்கிட்டு முகாம்லயே கிழவியாயிடறேன்."

"நீங்க ஏற்கெனவே கிழவிதானே மா" என்று எவூனா சொன்னார்.

"உன் வழுக்கையைவிட நான் சின்னவ, போ."

எல்லோரும் சிரித்தார்கள். பதிமூன்று கூட்டங்களில் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் தனியாக இருக்கிறவன். மாலை நேரத்தில் வீட்டுக் கோழிகளோடு பேசிக்கொண்டிருப்பேன்.

கோழிகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். இங்கே வழக்குத் தீர்க்க வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். கூட்டம் முடிந்தால் உயிரோடு ஒரு கோழி. சில நாள் இரண்டு பக்கமும் போட்டிக்குக் கொடுப்பார்கள். பதிமூன்று கூட்டத்தில் என்னிடம் பத்தொன்பது கோழி சேர்ந்திருந்தது. கொடுத்ததை வெட்ட எனக்கு மனசு வராது.

சோதனைக்கு அமைச்சகம் இரண்டு, பல்கலைக்கழகம் இரண்டு, மா மங்கா இரண்டு என்று ஆறு கோழி. அமைச்சகத்துக் கோழியின் காலில் நீலக் கயிறு, பல்கலைக்கழகத்துக் கோழியின் காலில் சிவப்புக் கயிறு. மா மங்கா கயிறு கட்டவில்லை. "என் கோழி எனக்குத் தெரியாதா?" என்றார். கூண்டுச் சாவி என்னிடம். சாட்சியத்தை முதலில் பார்ப்பவர் நடுநிலையாளராக இருக்க வேண்டும் என்பது கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அதற்குக் கையெழுத்துப் போட்டது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தனியாகப் பள்ளத்தில் இறங்கினேன். காற்றே இல்லை. ஆறு கோழியில் நான்கு படுத்திருந்தன. குனிந்து கூண்டைத் திறந்தபோது தலை சுற்றியது. முந்தைய நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் இருக்கும். மேலே ஏறி உட்கார்ந்து யோசித்தேன். டாக்டர்கள் நகரத்திலிருந்து வந்து சேர எட்டு மணியாகும். சேற்றுப் பாதை அது.

என் யோசனை இதுதான். ஆறில் இரண்டு பிழைத்திருந்தன. ஆகவே பள்ளம் கொல்கிறது என்றும் சொல்ல முடியாது, கொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. எவூனா இரண்டைக் காட்டுவார், லங்சி நான்கைக் காட்டுவார். மறுபடியும் பதிமூன்று கூட்டம். மா மங்காவுக்கு வயது அறுபத்தெட்டு. அவர் எத்தனை கூட்டத்துக்குத் தாங்குவார்? முடிவு தெளிவாக இல்லாதபோது அதைத் தெளிவாக்கிக் கொடுப்பது நடுநிலையாளரின் வேலை என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போய் என் கோழிகளில் நான்கைப் பிடித்தேன். நிறம் பார்த்துத்தான் பிடித்தேன், அலட்சியமாகச் செய்யவில்லை. செத்ததன் கயிற்றை அவிழ்த்து உயிருள்ளதன் காலில் கட்டினேன். இரண்டாவது தடவை இறங்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். பழக்கம், வேறொன்றுமில்லை.

வெயில் ஏறிக் காற்று வீசத் தொடங்கிய பிறகு, எட்டரைக்கு எல்லோரும் வந்தார்கள். ஆறு கோழியும் கூண்டில் நின்று கத்திக்கொண்டிருந்தன. லங்சி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மோலா, நீங்க மொதல்ல வந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"நான் வந்தப்ப ஆறும் இருந்துச்சு டாக்டர்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் கூண்டை இன்னொரு தடவை சுற்றிவந்தார். பிறகு, "நீங்க சொன்னா சரி" என்று நோட்டை மூடினார். என்னை நம்பியவர்களில் அவர்தான் அதிகம் படித்தவர்.

மா மங்கா தன் கோழியைத் தூக்கிக் காலைப் புரட்டிப் பார்த்தார். என்னைத் தனியாக மேட்டுக்குக் கூப்பிட்டார்.

"மோலா, என் கோழிக்கு இடது கால்ல ஒரு விரல் கெடையாது. கீரி கடிச்சுது. இதுக்கு எல்லா விரலும் இருக்கே?"

"நல்லாப் பாருங்க மா."

"நல்லாத்தான் பார்க்கறேன். ஏரிக்காத்து பட்டு விரல் மொளைச்சுடுச்சா?"

அவர் பள்ளத்தைப் பார்த்தார். கீழே அவர் வீட்டாரைப் புதைத்த மூன்று மேடும் அங்கிருந்தே தெரியும், புல் வளர்ந்திருக்கும். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மொளைச்சா மொளைச்சுட்டுப் போவட்டும். இருபத்திரண்டு வருஷம் தகரத்துக்குக் கீழ படுத்தவளுக்கு ஒரு விரல் பெரிசா?"

ஆக, சம்பந்தப்பட்டவருக்கு விவரம் தெரியும், சம்மதமும் கொடுத்தார். இதைத் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானமே கையெழுத்து. பள்ளத்தில் காற்று எச்சரிக்கை மணி வைக்க வேண்டும் என்று லங்சி கேட்டார். 'உடனடியாக' என்று எழுதச் சொன்னார். எவூனா 'கூடிய விரைவில்' என்றார். ஒரு மணி நேரம் இழுத்தது. நான் 'ஆறு மாதத்துக்குள்' என்று போட்டேன். இரண்டு பேரும் முகம் மலர்ந்தார்கள். அந்த இரண்டு சொல்லுக்காக எவூனா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விருந்து என் செலவு. நான்கு கோழியையும் நிலக்கடலை அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தேன், சோளக்களி, கீரை. அந்த வாயுவில் செத்த பிராணியைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று லங்சியே முன்பு ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். விஞ்ஞானம் சொன்னதை மீறி நான் எதுவும் செய்யவில்லை. எவூனாவுக்கு ஒரு தொடை, லங்சிக்கு ஒரு தொடை. கடைசிவரை ஒரு பக்கமும் சாயவில்லை.

"மோலா, இவ்வளவு நாளா கோழியை வெட்ட மாட்டேன்னு அழுவீங்க. இன்னிக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று எவூனா கேட்டார்.

"இன்னிக்கு சந்தோஷம் டாக்டர்."

வீடுகள் கட்டி முடிக்க ஐந்து வாரம் ஆனது. குடிபோன அன்று சாயங்காலம் மா மங்கா பனங்கள் குடுவையோடு மேலே வந்தார்.

"இன்னிக்கு எங்க வீட்டுல படுங்க மோலா. நீங்கதானே எங்களை ஊருக்குக் கூட்டி வந்தீங்க. மொத விருந்தாளி நீங்க."

எனக்கு முதுகு வலி, அவ்வளவு படி இறங்கி ஏற முடியாது என்றேன்.

"கட்டில் போட்டிருக்கேன், ஒசரமான கட்டிலு."

"இன்னொரு நாள் மா."

"ஒங்க இஷ்டம்" என்று குடுவையை என்னிடம் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் மேட்டில் என் வீட்டில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். என் தொழிலில் இரண்டு பக்கமும் முழு மனதோடு ஒத்துக்கொண்ட உடன்பாடு அபூர்வம், அது எனக்கு ஒருமுறை வாய்த்தது. இதில் நான் வருத்தப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை காற்று இல்லை. ஏழு மணி வரை மேட்டில் நின்று பார்த்தேன், ஒன்பது வீட்டில் ஒன்றிலும் கதவு திறக்கவில்லை.